கஞ்சா: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் – தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், அப்பள்ளிகளில் இயங்கும் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

2022 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் மாணவர்கள் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகு, உங்கள் பள்ளிகளில் கருத்தரங்கு, ஊர்வலம், ஓவியப் போட்டி என்று ஏதேனும் ஒன்று ஆண்டுதோறும் நடந்துவருகிறது. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் அத்தகைய மேடைகள் சிலவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். பேசுகிறவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பேசுவதில் பாதி உண்மையில்லை. ஒருமுறை இழுத்தாலே அடிமையாகிவிடுவீர்கள் என்கிறார்கள். சிறுநீரகம் அழுகிவிடும் என்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டமாட்டீர்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். பின்னால் திரையில் மண்டையோட்டுப் படம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சைக் கைவிட்டு, கஞ்சா உடலுக்கும் மனத்துக்கும் என்ன செய்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒன்றும் அறியாதவன் என்ற நினைப்பில்தான் அந்தப் பேச்சுகள் தயாராகின்றன. அவன் தெருவில் சில ஆண்டுகளாகக் கஞ்சா இழுத்துவரும் அண்ணன் ஒருவர் இருப்பார். அவர் காலையில் எழுந்து லோடு ஏற்றப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்து வீசுகிறார், சாகவில்லை. மேடையில் சொன்னது பொய் என்பது மாணவனுக்குக் கண்ணெதிரே தெரிகிறது. அடுத்து அதே மேடையிலிருந்து வரும் மெய்யையும் அந்தப் பொய்யோடு சேர்த்து அவன் ஒதுக்கிவிடுகிறான். எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பையன்கள் எல்லோரிடமும், பள்ளியில் இதைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருப்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை 2018-இல் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், அதற்கு முந்தைய ஓராண்டில், கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள் அப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் ஏறத்தாழ 72 லட்சம் பேர். பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் நன்றாக இல்லை. நாம் மாணவனுக்குச் சொல்ல வேண்டியது அந்த நாலில் ஒரு பங்கைப் பற்றி. குறிப்பாக, பதினைந்து பதினாறு வயதில் தொடங்குபவன் அந்தப் பங்கில் போய்ச் சேர ஏன் வாய்ப்பு அதிகம் என்பதைப் பற்றி.

முதலில் உடலில் நடப்பதைச் சொல்கிறேன். கஞ்சாவில் போதை தரும் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை, சுருக்கமாக டி.எச்.சி.யை, இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலமும் அவருடன் பணியாற்றிய யெகியேல் கவோனியும் 1964-இல் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பது 1988-இல்தான் தெரியவந்தது. நரம்பணுக்களின் மேல் அதற்கென்றே அமைந்ததுபோல், அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தன. அவை நம் மூளை தானே சுரக்கும் ஒரு பொருளுக்கானவை என்பது 1992-இல் உறுதியானது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும்போது குரல் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது அந்த உள்நாட்டுச் சுரப்பின் வேலை. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில், துளியளவு சுரந்து உடனே கரைந்துவிடும். டி.எச்.சி.யோ எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் எழுந்திருக்க மறுக்கிறது.

அந்த ஏற்பிகள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்பதைச் சொன்னால் விளைவுகள் தாமே விளங்கிவிடும். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவை மிகுதி. ஆகவே கஞ்சா இழுத்தவன் தொடங்கிய வாக்கியத்தை முடிப்பதற்குள் மறந்துவிடுகிறான். உடலசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் மிகுதி; ஆகவே இருசக்கர வாகனத்தில் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கணத்தில் கை பிந்துகிறது. காலத்தை அளக்கும் உணர்வு குலைந்து ஐந்து நிமிடம் அரைமணி நேரமாக நீள்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் மட்டும் அவை குறைவு. ஹெராயின் போன்றவற்றை அளவு மீறி எடுத்தவர்கள் மூச்சு நின்று இறப்பதுபோல், கஞ்சா இழுத்தவர்கள் இறக்காததற்குக் காரணம் அதுவே. இதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வதால் கஞ்சாவுக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகாது. இவர் தெரிந்துதான் பேசுகிறார் என்ற எண்ணம் அவர்களுக்கு வரும்.

புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் ஏறி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கும். கண் சிவக்கும், வாய் உலரும், பசி எடுக்கும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு இருபது முதல் ஐம்பது வரை கூடும். இளைஞனின் இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு பல மடங்கு உயர்வதாகக் காட்டியது. சாக்லேட் என்றும் உருண்டை என்றும் பள்ளிகளின் அருகே விற்கப்படுபவை வேறு வகையில் ஆபத்தானவை. வயிற்றுக்குள் போனது கல்லீரல் வழியாக இரத்தத்தில் கலக்க அரைமணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒன்றைத் தின்ற பிள்ளை, ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொன்றைத் தின்று, பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி, நெஞ்சு படபடக்க, செத்துவிடுவேன் என்று அலறியபடி அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறது. அது சாவதில்லை. ஆனால் அந்த இரவை அது மறப்பதுமில்லை.

நுரையீரலைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் வழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சிகரெட்டிலிருந்து புகையிலையைப் பாதி உதிர்த்துவிட்டு, உள்ளங்கையில் விதை நீக்கிக் கசக்கிய கஞ்சாவை மீதிப் புகையிலையோடு கலந்து திரும்பத் திணித்துத்தான் இங்கே பெரும்பாலோர் இழுக்கிறார்கள். ஆக, கஞ்சா குடிப்பதாக நினைக்கும் பையன் நிகோட்டின் பழக்கத்தையும் சேர்த்தே வளர்க்கிறான். கஞ்சாவை விட்ட பிறகும் சிகரெட் அவனை விடுவதில்லை. ஆழமாக இழுத்து நெடுநேரம் அடக்கிவைப்பதால் நாள்பட்ட இருமலும் சளியும் வருவது உறுதியாகத் தெரிந்த ஒன்று. நுரையீரல் புற்றுநோய்க்குக் கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை; கலந்து இழுக்கும் புகையிலைக்கு இருக்கிறது.

மேடைகளில் ஒருபோதும் சொல்லப்படாத ஒரு நோயை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாந்தியோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தான். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நாள்கள் விடாமல் வாந்தி, அடிவயிறு பிசைந்தெடுக்கும் வலி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிவிடுவது என்று ஓராண்டாகத் தொடர்ந்திருந்தது. எண்டோஸ்கோபி, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து கோப்பு தடித்திருந்தது. எதிலும் குறை தென்படவில்லை. அவனுடைய அம்மா, பேச்சுவாக்கில், "வாந்தி வந்தா வெந்நீர்லயே நிக்கிறான் சார், தோல் செவந்துபோற வரைக்கும் வெளியே வரமாட்டேங்கிறான்" என்றார். கோப்பில் இல்லாத தகவல் அது. கன்னாபினாய்டு மிகைவாந்தி நோய்க்குறி என்ற இந்தப் பிணியைத் தெற்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004-இல் விவரித்தபோது குறிப்பிட்டிருந்த அடையாளமும் அதுதான்: நாள்பட்ட கஞ்சாப் பழக்கம், விட்டுவிட்டு வரும் கடும் வாந்தி, வெந்நீர்க் குளியலில் மட்டும் கிடைக்கும் நிம்மதி. குமட்டலை அடக்குவதாகப் பெயர்பெற்ற பொருளே நீண்டகாலப் பயன்பாட்டில் சிலருக்கு நேர்மாறாகத் திரும்பிவிடுகிறது. இதற்கு மருந்து, நிறுத்துவதுதான். வாந்திக்கு நல்லது என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, வாந்தி வந்த நாள்களில் அந்தப் பையன் இன்னும் அதிகமாக இழுத்திருந்தான்.

இனி மனத்துக்கு வருகிறேன். என் துறை இதுவென்பதால் சற்று நீட்டிப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சாவுக்கும், இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம் வலுப்பது என்று வரும் சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வுக்கும் உள்ள தொடர்பு அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டுவருகிறது. 1969–70-இல் சுவீடன் இராணுவத்தில் கட்டாயப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பணியில் சேரும்போதே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட ஆறு மடங்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்திருந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-இல் பிறந்த குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்த ஆய்வு, 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 26 வயதில் மனச்சிதைவை ஒத்த கோளாறு இருந்ததையும், மற்றவர்களில் நூற்றுக்கு மூவருக்கே அது இருந்ததையும் 2002-இல் தெரிவித்தது. அந்தச் சிறுவயதுக் குழுவில் ஆள் எண்ணிக்கை குறைவு என்பதைச் சொல்லித்தான் இதை மேற்கோள் காட்ட வேண்டும். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் இழுப்பவர்களுக்கு முதல்முறை மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்காகவும், டி.எச்.சி. 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வீரியமான வகையை நாள்தோறும் இழுப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் இருந்தது.

இந்த எண்களைச் சொல்லும்போதும் அளவோடு சொல்லுங்கள். இழுப்பவர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று இவை சொல்லவில்லை, பெரும்பாலோருக்கு வராது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் மூன்று காரணங்கள் ஒருவனை ஆபத்தின் பக்கம் தள்ளுகின்றன என்பது தெளிவு: இளம் வயதில் தொடங்குவது, நாள்தோறும் இழுப்பது, குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருப்பது. மூன்றாவதை நம் குடும்பங்கள் பிள்ளைகளிடம் மறைத்துவைக்கின்றன. சித்தப்பா வேலைக்குப் போகாமல் தனக்குள் பேசிக்கொண்டிருந்தது எதனால், அத்தை கிணற்றில் விழுந்தது எதனால் என்று எந்த வீட்டிலும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தன் இரத்தத்தில் அந்தப் பலவீனம் இருக்கலாம் என்பது தெரியாமலே பையன், நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தொடங்குகிறான். உங்கள் மன்றக் கூட்டங்களில் சொல்ல வேண்டியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், உங்கள் நண்பனுக்குள்ள கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் விளக்கம் உண்டு. வளரிளம் பருவத்தில் மூளை தனக்குத் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கழித்து, தேவையானவற்றைத் திடப்படுத்திக்கொண்டே வருகிறது. நிதானம், திட்டமிடல், பின்விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதியில் அந்த வேலை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முடிகிறது. அதை வழிநடத்துவதில், கஞ்சா போய் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளுக்குப் பங்கு இருக்கிறது. நாற்பது வயதுக்காரர் இழுப்பதும் பதினைந்து வயதுக்காரன் இழுப்பதும் ஒன்றாகாததற்குக் காரணம் இதுவே.

மனப்பிறழ்வு தொடங்கும்போது மாணவனிடம் தெரியும் மாற்றத்தை, ஆசிரியர்களாகிய நீங்கள்தான் பெற்றோருக்கு முன்பே பார்க்கக்கூடியவர்கள். சிவந்த கண், சொட்டுமருந்து, வாசனைத் திரவியம், பபிள்கம் என்று பையைத் துழாவுவதில் நாம் செலவிடும் கவனம் வேறிடத்தில் தேவைப்படுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்குள் மதிப்பெண் சரிவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, வகுப்பில் யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சண்டைக்குப் போவது, தன் கைப்பேசியை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று சிம் கார்டை உடைத்துப்போடுவது, இரவெல்லாம் உறங்காமல் வந்து காரணமின்றிச் சிரிப்பது ஆகியவை நோயின் தொடக்கமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் எங்களால் நிறையச் செய்ய முடியும். பில்லி சூனியம் என்று கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு ஓராண்டு கழித்து வரும்போது அந்த அளவுக்கு முடிவதில்லை.

அறிவுத்திறன் பற்றியும் மேடைகளில் பலமாகப் பேசப்படுகிறது. இளமையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் விடாமல் இழுத்தவர்களுக்கு நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) எட்டுப் புள்ளிகள் வரை குறைந்ததாக அதே டனீடன் ஆய்வு 2012-இல் அறிவித்தது உண்மை. வறுமை, குடும்பச் சூழல் போன்றவற்றால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று மறுப்பு எழுந்ததும், இரட்டையர்களை ஒப்பிட்ட பிற்கால ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெளிவாகத் தெரியாமற்போனதும் உண்மை. ஆகவே மூளை மழுங்கிவிடும் என்று அறுதியிட வேண்டாம். தொடர்ந்து இழுக்கும் மாணவனின் நினைவாற்றலும் கவனமும், போதையில் இல்லாத நேரத்திலும் நாள்கணக்கில் மந்தமாக இருக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பொதுத்தேர்வு எழுதப்போகிறவனை எச்சரிக்க அதுவே போதும்.

கஞ்சாவுக்கு அடிமையாவதே கிடையாது என்று பையன்கள் உறுதியாக நம்புகிறார்கள். பயன்படுத்துவோரில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களும், பதின்ம வயதில் தொடங்குவோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவரும் அதைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வருகிறார்கள். நிறுத்தும்போது குடிநோயாளிக்கு வருவதுபோல் கைநடுக்கமோ வலிப்போ வராது என்பதால் அது கண்ணில் படுவதில்லை. எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, வியர்வை, விசித்திரக் கனவுகள் என்று முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் அடங்கும். அந்த நாள்களில்தான் பெற்றோர் பயந்துபோகிறார்கள். இழுத்துக்கொண்டிருந்தபோது அமைதியாக இருந்தவன் இப்போது தட்டைத் தூக்கி எறிகிறான், ஆகவே நிலைமை மோசமாகிவிட்டது என்று எண்ணி, சில தாய்மார் தாங்களே இருநூறு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் கோபம், பழக்கத்தை நிறுத்தும்போது வரும் விலகலின் அடையாளம், மூன்று வாரம் பொறுத்தால் தணியும் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பணம் கைமாறியிருக்காது. கஞ்சாப் பழக்கத்தை நிறுத்தவென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மனநல ஆலோசனையும், உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குறுகியகால மருந்துகளும், கூட இருப்பவர்களின் பொறுமையும்தான் சிகிச்சை. மூன்று நாளில் குணமாக்குகிறோம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் பெற்றோர் போய் ஏமாறாமலிருக்க இதையும் சொல்லிவைப்பது நல்லது.

மாணவர்கள் எழுப்பும் எதிர்வாதங்களுக்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். கோபப்பட்டால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். வெளிநாடுகளில் சட்டப்படி விற்கிறார்களே என்பார்கள். கனடாவில் 2018 முதல் வயதுவந்தோருக்கு விற்கிறார்கள்; ஜெர்மனியில் 2024 முதல் வயதுவந்தோர் குறிப்பிட்ட அளவு வைத்திருக்கவும் வளர்க்கவும் அனுமதி உண்டு, கடை விற்பனைக்கு அல்ல. அந்நாடுகளில் எங்குமே பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்க முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 21 வயது ஆக வேண்டும். மருந்தாகப் பயன்படுகிறதே என்பார்கள். ஆம்; போதை தராத சி.பி.டி. என்ற பகுதிப்பொருளைச் சிறுவர்களுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்களுக்கான மருந்தாக அமெரிக்கா 2018-இல் ஏற்றுக்கொண்டது. சித்த மருத்துவத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சித்த மருந்துகளுக்கான சட்டத்தில் கஞ்சா, எட்டியோடு சேர்த்து நச்சுப் பொருள் பட்டியலில் வைக்கப்பட்டு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் உண்ண வேண்டியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சிவனடியார்கள் குடிக்கிறார்களே என்பதற்கு மட்டும் என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. தமிழாசிரியர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, ஒரு மாணவன் பிடிபடும்போது நடப்பதைப் பற்றி. பொட்டலத்தோடு பிடிபட்ட பையனுக்கு அன்று மாலையே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. பள்ளியின் பெயர் கெடக்கூடாது என்ற கவலையும், மற்ற பிள்ளைகளைக் காக்க வேண்டிய பொறுப்பும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலை எட்டரை முதல் மாலை நான்கரை வரை இழுக்காமல் அவனைத் தடுத்துவைத்திருந்த ஒரே இடம் பள்ளிதான். அதுவும் போனபின் அவனுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. விற்பவர்களுக்கோ வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டமே தடைவிதிக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த கணத்தில் அவனைக் கைகழுவிவிடலாம் என்பது அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் எண்ணமாக இருந்திருக்காது.

காவல்துறைக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தாலேயே பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு ஏழு ஆண்டுவரை கடுங்காவல் வைத்திருக்கிறது. பையனுக்கு மருத்துவமனை, அவனுக்கு விற்றவருக்குக் காவல் நிலையம் என்று வழியைச் சட்டமே பிரித்துக்காட்டுகிறது. விற்பவரைப் பற்றி 10581 என்ற மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பையனுக்கு ஆலோசனை வேண்டுமானால், பெயர் சொல்லாமலே கூட, எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். இந்த இரண்டு எண்களும் பல பள்ளிகளில் ஒரே பலகையில், ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உதவி கேட்டு அழைக்க நினைப்பவன் காவல்துறைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி விட்டுவிடுவான். தயவுசெய்து தனித்தனியே எழுதுங்கள்.

சில தனியார் பள்ளிகள் மாணவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று எங்களைக் கேட்கின்றன. வேண்டாம் என்பதே என் பதில். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்குவது. எப்போதோ ஒருமுறை இழுத்தவனுக்குச் சில நாள்களும், நாள்தோறும் இழுத்தவனுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் அதன் சுவடு சிறுநீரில் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தி மூன்று வாரம் ஆன பையன், விலகலின் எல்லாத் துன்பங்களையும் கடந்து வந்தபின், உங்கள் பரிசோதனையில் தோற்றுவிடுவான்.

உங்களிடம் நான் கேட்பவை செலவு பிடிப்பவை அல்ல. அடுத்த நிகழ்ச்சிக்குப் பேச்சாளரை அழைக்கும் முன், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ உளவியலாளரையோ கேளுங்கள். எல்லா மாவட்டங்களிலும் அத்திட்டம் இருக்கிறது, பள்ளிக்கு வருவது அவர்கள் பணியில் அடங்கும். நானூறு பேரை மைதானத்தில் உட்காரவைக்காமல் ஒரு வகுப்பு அளவில் உட்காரவைத்தால் கேள்விகள் வரும். பெயரெழுதாத துண்டுச்சீட்டில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்; அந்தச் சீட்டுகளைப் படித்தாலே உங்கள் பள்ளியில் எது எந்த அளவுக்குப் புழங்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று அவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடவும் வேண்டாம்.

கடைசியாக, சிகிச்சை பெற்றுத் திரும்பி வரும் மாணவனைப் பற்றி ஒரு வேண்டுகோள். மனப்பிறழ்வுக்கு நாங்கள் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகள் முதல் சில வாரங்களில் தூக்கத்தைத் தரும், நாக்குத் தடிக்கும், நடை இறுகும், எழுதும்போது விரல் நடுங்கும், உடல் எடை கூடும். இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்து இப்படி உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னும் தெளியலையாடா உனக்கு?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றிரவே அவன் மாத்திரையை நிறுத்தினான். ஐந்து வாரத்தில் மறுபடியும் எங்கள் வார்டுக்கு வந்தான். அவன் அம்மா சொல்லித்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. அப்படி ஒரு மாணவன் உங்கள் பள்ளிக்குத் திரும்பும்போது, அவனும் பெற்றோரும் சம்மதித்தால், எங்கள் சீட்டில் உள்ள மாத்திரைகளையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியப்படுத்த நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அவன் மேசைமேல் தலைசாய்த்தால் தட்டி எழுப்ப வேண்டாம். மறுமுறை மருத்துவமனைக்கு வர வேண்டிய நாளில் விடுப்புக் கொடுங்கள். விரல் நடுக்கத்தால் எழுத முடியாத நிலையில் தேர்வு வந்தால், சொல்வதை எழுதுபவருக்கு விண்ணப்பிக்கத் தேவையான மருத்துவச் சான்றை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணிபுரியும் ஒரு மருத்துவர்